தோள் தாங்குமா, தரை தாங்குமா?

சென்ற ஜனவரித் திங்களில் ஓர் இரவு, உணவு முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்த வேளையில் நாகூரிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர் என் தங்கையின் கணவர். இருபத்திரண்டு ஆண்டுகள் சபராளியாக வளைகுடாவில் உழைத்துவிட்டு, அண்மையில்தான் ஊரோடு வந்து சேர்ந்தவர். கொண்டுவந்த பணத்தில் கடைத்தெருவில் ஒரு சிறு கடைக்கு முன்பணம் கொடுத்து, எஞ்சிய காலத்தைக் குடும்பத்தோடு கழிக்க எண்ணியிருந்தார்.

"மச்சான், உங்கள் மருமகன் ஒரு லென்ஸ் வேண்டும் என்கிறான். விலையைக் கேட்டால் எனக்குத் தலை சுற்றுகிறது. வாங்கிக் கொடுத்தால் கடை இல்லை. கொடுக்காவிட்டால் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உங்களுக்குத்தான் இந்தக் கருவிகளைப் பற்றித் தெரியும். ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்றார்.

என் மருமகன் கலியாண வீடுகளில் படம் எடுக்கும் ஒருவரிடம் உதவியாளனாக இருப்பவன். பறவைகளையும் விலங்குகளையும் படம் பிடிக்கும் கலைஞனாக வேண்டும் என்பது அவனுடைய கனவு. அதில் குறை காண எனக்கு எந்த உரிமையும் இல்லை. அந்த ஆசையை அவனுள் விதைத்தவனே நான்தான். அவன் கேட்டது, ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்தி விற்பனைக்கு வைத்திருந்த 600 மி.மீ. லென்ஸ். அதன் எடையே 5 கிலோவுக்கு மேல். இவ்வகை லென்ஸ்கள் புதிதாக வாங்கினால் பத்து இலட்சம் ரூபாயைத் தாண்டும். பழையதும் சில இலட்சங்கள்.

"அவன் இதற்கு முன் எடுத்த படங்கள் எப்படி இருந்தன?" என்று கேட்டேன்.

"ஒன்றும் தெளிவாக வரவில்லையாம். சென்னையில் ஒரு கடையிலிருந்து வாடகைக்கு எடுத்து வந்த லென்ஸ் சரியில்லை என்கிறான். அதனால்தான் இதைவிடப் பெரிதாக வேண்டுமாம்."

அந்த மறுமொழியைக் கேட்டதுமே எனக்கு ஐயம் எழுந்தது. வாடகைக் கெடு முடிய இன்னும் மூன்று நாட்கள் இருந்தன. "நான் நேரில் வருகிறேன். அதுவரை எவருக்கும் பணம் கொடுக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு மறுநாள் பேருந்து ஏறினேன்.

நாகூரிலிருந்து தெற்கே, வேதாரண்யத்தையும் தாண்டினால் கோடிக்கரை. வெளிமான்களுக்காக 1967இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம். 2002இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. குளிர்காலத்தில் அங்குள்ள சதுப்பிலும் உப்பளங்களிலும் பூநாரைகள் வந்து தங்கும். வனத்துறையினரிடம் முறைப்படி அனுமதி பெற்று, விடியற்காலையில் மாமனும் மருமகனுமாக உப்பளத்து வரப்பொன்றில் போய் நின்றோம். பூநாரைகள் வெகு தொலைவில் ஒரு வெளிர்சிவப்புக் கோடாகத் தெரிந்தன. அருகில் செல்ல முயன்றால் கூட்டம் முழுவதும் எழுந்து பறந்துவிடும். இரை தேடும் நேரத்தில் ஒவ்வொரு முறை விரட்டப்படும்போதும் அவற்றின் வயிற்றில்தான் அடி விழுகிறது. இதற்காகவே நீண்ட லென்ஸ் வேண்டியிருக்கிறது. அது படைப்பினத்தைத் தொந்தரவு செய்யாமல் காண்பதற்கான கருவி.

அவன் கொண்டுவந்திருந்தது 500 மி.மீ., எஃப் 4 என்னும் பழைய லென்ஸ். மூன்றரை கிலோவுக்குச் சற்றுக் குறைவு. கேமராவோடு சேர்த்தால் நான்கரை கிலோ. கை நடுக்கத்தைத் தானே சரிசெய்யும் அதிர்வுத் தடுப்பு வசதி அதில் இல்லை. அவ்வசதி 35 மி.மீ. கேமரா லென்ஸ்களுக்கு முதன்முதலாக 1995இல் கேனான் நிறுவனத்தின் 75-300 மி.மீ. லென்ஸில் வந்தது, பெரிய டெலிபோட்டோ லென்ஸ்களுக்கு 1999இல் வந்து சேர்ந்தது. அதற்கு முந்திய வடிவமைப்பு இவன் கையிலிருந்தது. போதாக்குறைக்கு லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே 2 மடங்கு டெலிகன்வர்ட்டர் ஒன்றையும் பொருத்தியிருந்தான். முக்காலி? அது வீட்டில் இருந்தது. "தூக்கிக்கொண்டு நடக்க முடியவில்லை மாமா" என்றான்.

டெலிகன்வர்ட்டர் என்பதை அறியாத வாசகர்களுக்காகச் சில வரிகள். உள்ளங்கையில் அடங்கும் சிறிய வளையம் அது. உள்ளே சில கண்ணாடி வில்லைகள். முன்னால் உள்ள பெரிய லென்ஸ் உருவாக்கும் பிம்பத்தின் நடுப்பகுதியை மட்டும் எடுத்து விரித்துப் பெரிதாக்கிக் கேமராவுக்குள் அனுப்புகிறது. 2 மடங்கு எனில் 500 மி.மீ. லென்ஸ் 1000 மி.மீ. ஆகிவிடும். 1.4 மடங்கு எனில் 700 ஆகும். பல இலட்சம் ரூபாய் லென்ஸ் செய்யும் வேலையைச் சில ஆயிரங்களில் முடித்துவிடலாம் போலத் தோன்றும். கடைக்காரரும் அப்படித்தான் சொல்வார்.

ஆனால் ஒளிக்கு யார் கணக்குச் சொல்வது? அந்த லென்ஸின் வாய் 125 மி.மீ. அகலம். 500ஐ 125ஆல் வகுத்தால் 4. எஃப் 4 என்பதன் பொருள் அதுவே. கன்வர்ட்டர் பொருத்தியபின் நீளம் 1000 ஆகிறது; வாய் மட்டும் அதே 125. ஆகவே அது எஃப் 8 ஆகிவிடுகிறது. ஒரே சாளரம் உள்ள வீட்டில் அறையை இரு மடங்கு நீட்டிக் கட்டியதுபோல, உள்ளே வரும் ஒளி நான்கில் ஒரு பங்காக மங்கிவிடும். கேமராக்காரர்கள் இதை "இரண்டு ஸ்டாப் இழப்பு" என்பர். 1.4 மடங்கிற்கு இழப்பு ஒரு ஸ்டாப், அதாவது பாதி ஒளி.

அன்று காலை ஏழு மணி ஒளியில், ஐ.எஸ்.ஓ. 400இல், கன்வர்ட்டர் இல்லாமல் பார்த்தபோது கேமரா காட்டிய ஷட்டர் வேகம் விநாடியில் 1000இல் ஒரு பங்கு. கையில் பிடித்து எடுப்பவர்களுக்கு ஃபிலிம் காலத்திலிருந்தே ஒரு வழக்கு உண்டு: லென்ஸ் எத்தனை மி.மீ. நீளமோ, ஷட்டர் வேகம் விநாடியில் அத்தனையில் ஒரு பங்குக்காவது இருக்க வேண்டும். 500 மி.மீ.க்கு 500இல் ஒரு பங்கு. நம்மிடம் 1000இல் ஒரு பங்கு இருந்தது. இரு மடங்கு வசதி. கன்வர்ட்டரைப் பொருத்தியதும் தேவை 1000இல் ஒரு பங்காக ஏறியது. கிடைத்ததோ 250இல் ஒரு பங்காக இறங்கியது. இரு மடங்கு மிச்சத்தில் இருந்தவன் நான்கு மடங்கு கடனில் விழுந்துவிட்டான். வளையம் ஒன்றுதான், இழப்பு எட்டு மடங்கு. இந்தக் கணக்கை உப்பள மண்ணில் விரலால் எழுதிக் காட்டினேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு பார்த்தானே தவிர ஒப்புக்கொள்ளவில்லை. சிறிய சென்சார் உள்ள கேமராக்களுக்குத் தேவை இன்னும் கடுமையாகும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நடுக்கத்தின் அளவையும் சொல்லிவிடுகிறேன். 500 மி.மீ. லென்ஸ் முழு அளவுச் சென்சாரில் காண்பது அகலவாக்கில் ஏறத்தாழ 4 பாகை மட்டுமே. ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் ஒரு பாகையில் நூறில் ஒரு பங்கு கை அசைந்தாலும், 6000 புள்ளி அகலமுள்ள படத்தில் பிம்பம் ஏறத்தாழ 15 புள்ளிகள் நகர்ந்துவிடும். 2 மடங்கு கன்வர்ட்டரோடு 29 புள்ளிகள். பூநாரையின் கண் அவ்வளவு தொலைவிலிருந்து அத்தனை புள்ளிகள் அகலம்கூட வராது. மூச்சும், நாடித் துடிப்பும், கடற்காற்றும், நான்கரை கிலோவைத் தூக்கி நிற்கும் தோளின் களைப்பும் சேர்ந்தால் அந்த நூறில் ஒரு பங்கு எம்மாத்திரம்?

இன்னொரு வினையும் இருந்தது. கண்ணாடி மடங்கி எழும் பழைய டி.எஸ்.எல்.ஆர். வகைக் கேமராக்களில் பெரும்பாலானவை எஃப் 5.6 வரைதான் தாமாக ஃபோகஸ் செய்யும். உயர்ந்த வகைகள் சில, எஃப் 8 வரை நடுப்புள்ளியில் மட்டும் செய்யும். இவனுடைய கேமராவில் கன்வர்ட்டரைப் பொருத்தியதும் தானியங்கி ஃபோகஸ் செயலற்றுப் போயிற்று. இருண்ட வியூஃபைண்டருக்குள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, இடக்கையால் வளையத்தைத் திருகி, அதே கையால் லென்ஸின் எடையையும் தாங்கி, வலக்கையால் பொத்தானை அழுத்தியிருக்கிறான். இன்றைய மிரர்லெஸ் கேமராக்களுக்கு இந்தத் தடை பெரிதும் நீங்கிவிட்டது. கேனான் நிறுவனம் 2020இல் எஃப் 11 அளவிலேயே 600, 800 மி.மீ. லென்ஸ்களை வெளியிட்டதும், 600இன் எடை ஒரு கிலோவுக்கும் குறைவாக அமைந்ததும் அதனால்தான். நீக்கமுடியாதது ஒளிக் கணக்கு. அது எந்தக் கேமராவுக்கும் ஒன்றே.

ஒன்பது மணிக்குள் நானூறு படங்கள் எடுத்துவிட்டான். பத்தரை மணிக்கு மேல் நான் தடுத்தும் கேளாமல் இன்னும் நூறு. அவற்றில் பறவைகள் நீருக்கடியில் இருப்பதுபோல் நெளிந்தன. அது கையின் குற்றமன்று, லென்ஸின் குற்றமுமன்று. வெயில் ஏறிய உப்பளத் தரையிலிருந்து கிளம்பும் சூடான காற்று ஒளியை அலைத்துக்கொண்டே இருக்கும். தார்ச்சாலையில் நடுப்பகலில் தெரியும் கானல் போன்றதே இது. லென்ஸ் தொலைவைச் சுருக்கிக் காட்டுமேயன்றி இடையிலுள்ள காற்றை அகற்றிவிடாது. பெரிதாக்கும்போது காற்றின் நெளிவும் சேர்ந்தே பெரிதாகும். பத்து இலட்சம் கொடுத்தாலும் இந்தக் கானலுக்கு மருந்து இல்லை. விடியலுக்குப் பின் முதல் இரண்டு மணி நேரமும், மாலையில் தரை ஆறிய பின்னுமே நமக்கு உரிய வேளைகள்.

மர நிழலில் அமர்ந்து கேமராவின் சிறு திரையில் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தோம். ஐந்நூறில் ஒன்றுகூடத் தேறவில்லை. "பார்த்தீர்களா மாமா, லென்ஸ் மோசம்" என்றான். நான் மறுத்துப் பேசவில்லை. கன்வர்ட்டரைக் கழற்றச் சொன்னேன். லென்ஸை அங்கிருந்த சிறு சுவரின்மீது, மடித்த துண்டின்மேல் வைக்கச் சொன்னேன். ஐம்பது அடி தொலைவில் இருந்த பலகையின் எழுத்துகளைப் பத்துப் படங்கள் எடுக்க வைத்தேன். பிறகு அதே பலகையை அதே வேகத்தில், கையில் பிடித்துப் பத்துப் படங்கள். சுவரில் வைத்து எடுத்த பத்திலும் எழுத்தின் ஓரங்கள் கத்தியால் வெட்டியதுபோல் இருந்தன. கையில் எடுத்தவற்றில் இரண்டுதான் அதற்கு அருகில் வந்தன. நெடுநேரம் ஒன்றும் பேசாமல் இருபது படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பெரிய லென்ஸ் வாங்க நினைக்கும் எவரும் பணத்தைக் கொடுக்கும் முன் இந்தச் சோதனையைத் தம் வீட்டு மாடியிலேயே செய்து பார்க்கலாம். எதிர்த் தெரு மின்கம்பத்தின் எண் போதும். தாங்கலில் வைத்து எடுத்ததும் மங்கலாக இருந்தால் லென்ஸைக் குறை கூறுங்கள். அது தெளிவாகவும் கையில் எடுத்தது மங்கலாகவும் இருந்தால், மேலும் பெரிய லென்ஸ் அந்த மங்கலை மேலும் பெரிதாக்கித்தான் தரும்.

அவனுடைய பிடியையும் திருத்த வேண்டியிருந்தது. முழங்கைகளை இறக்கைபோல் விரித்துப் பிடித்திருந்தான்; இடக்கை கேமராவுக்கு அருகிலேயே இருந்தது. நீண்ட லென்ஸில் இடக்கை முன்னோக்கிச் செல்ல வேண்டும். லென்ஸின் அடியில் உள்ள பாதம் உள்ளங்கையில் அமர, எடையின் நடுவைக் கை ஏந்த வேண்டும். முழங்கைகள் விலாவோடு ஒட்டியிருக்க வேண்டும். வியூஃபைண்டர் நெற்றியிலும் கன்னத்திலும் அழுந்தியிருந்தால் அதுவே மூன்றாவது தாங்கல். அமர்ந்தால் முழங்கைகளை முழங்கால்களின் உட்புறத்தில் ஊன்றிக்கொள்ளலாம். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, பொத்தானைக் குத்தாமல் மெல்ல அழுத்தி, மூன்று நான்கு படங்கள் தொடர்ச்சியாக எடுத்தால் முதற்படம் கலங்கினாலும் இரண்டாவதோ மூன்றாவதோ நிலைத்து நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, பறவை வரும் வரை லென்ஸைத் தூக்கியே வைத்திருக்கக் கூடாது. இறக்கி வைத்து, வேளை வரும்போது தூக்க வேண்டும். நான்கரை கிலோவை ஒரு நிமிடத்துக்கு மேல் ஏந்தி நின்றவனின் கை அவனுக்குச் சொந்தமாயிருப்பதில்லை.

இதை எழுதும் என் வலத்தோளுக்கும் இதில் சாட்சி சொல்லத் தகுதியுண்டு. 2008ஆம் ஆண்டில் ஒரு கால்பந்துப் போட்டித் தொடரில், நண்பரிடம் இரவல் வாங்கிய 300 மி.மீ., எஃப் 2.8 லென்ஸைக் கையிலேயே தூக்கி நான்கு நாட்கள் படம் எடுத்தேன். அது இரண்டரை கிலோ அளவு இருக்கும். பக்கத்தில் நின்ற பத்திரிகைப் படக்காரர்கள் எல்லாரும் ஒற்றைக்கால் தாங்கியில் லென்ஸை நிறுத்தி வைத்து நிதானமாக எடுத்தார்கள். எனக்கோ இளமைத் திமிர். அந்த வாரக் கடைசியில் சட்டை மாட்டக் கையைத் தூக்க முடியவில்லை. தோளின் தசைநார் வீங்கியிருப்பதாக மருத்துவர் கூறினார். ஆறு மாதம் பயிற்சி செய்து தேறினேன் என்றாலும், மழைக்காலத்தில் இன்றும் அது தன் இருப்பை நினைவூட்டுகிறது. கையில் பிடிக்கவே கூடாது என்று நான் கூறவில்லை. பறந்துகொண்டிருக்கும் பருந்தைப் பின்தொடர வேண்டுமானால் கைதான் விரைந்து திரும்பும். லென்ஸ்களின் எடையும் குறைந்துகொண்டே வருகிறது. கேனானின் 600 மி.மீ., எஃப் 4 லென்ஸ் 1999இல் 5.36 கிலோ, 2018இல் வந்த அதன் மூன்றாம் வடிவம் 3.05 கிலோ. முன்புறத்துக் கனத்த வில்லைகளைப் பின்னுக்குத் தள்ளி அமைத்ததால் கையில் சமநிலையும் கூடியிருக்கிறது. ஆனால் அந்த வசதிக்கு உரிய விலை வளைகுடாவில் இருபத்திரண்டு ஆண்டுகள் உழைத்தவரின் பையிலிருந்து வர வேண்டுமா என்பதே என் கேள்வியாக இருந்தது.

இந்த இடத்தில் மா. கிருஷ்ணன் அவர்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பத்மாவதி சரித்திரம் எழுதிய அ. மாதவையாவின் மகன், 1912இல் பிறந்து 1996இல் மறைந்தவர். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய இயற்கை அறிஞர். காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் படம் பிடித்த அவர், பல கருவிகளின் உறுப்புகளை ஒன்றிணைத்துத் தாமே அமைத்துக்கொண்ட கனத்த கேமராவுக்கு "சூப்பர் பாண்டரோசா" என்று வேடிக்கையாகப் பெயர் சூட்டியிருந்தார். இருக்கும் கருவியைக் கொண்டு, விலங்கின் போக்கையும் காட்டின் ஒளியையும் அறிந்து எடுத்த படங்கள் அவருடையவை. மருமகனிடம் அவரைப் பற்றிச் சொன்னபோது, "அவர் காலம் வேறு மாமா" என்றான். அதுவும் உண்மைதான்.

அன்று மாலை ஊர் திரும்பியதும் தங்கையிடம் ஒரு பை கேட்டேன். அவள் மகனின் பழைய ஜீன்ஸ் காற்சட்டையிலிருந்து ஒரு காலை வெட்டி, ஒரு முனையைத் தையல் எந்திரத்தில் அடித்து, மூன்று கிலோ அரிசியை உள்ளே கொட்டி, மறுமுனையையும் தைத்துத் தந்தாள். முழுவதும் நிரப்பிவிடாமல் முக்காற்பங்கு மட்டும் நிரப்பினால்தான் லென்ஸ் அதில் குழி செய்துகொண்டு அமரும். இதைத்தான் படக்காரர்கள் பீன் பேக் என்பர். கடையில் நல்ல விலைக்கு விற்கிறார்கள். கார்ச் சன்னலின் விளிம்பிலோ, சுவரிலோ, மண் வரப்பிலோ இதை வைத்து அதன்மேல் லென்ஸைக் கிடத்தினால், பெரிய முக்காலிக்கு இணையான உறுதி கிடைக்கும். வாகனத்துக்குள்ளிருந்து எடுக்கும்போது எஞ்சினை அணைத்துவிட வேண்டும். மணலை நிரப்பலாமே என்று கேட்பீர்கள். கனம் அதிகம், தையல் வழியே கசிந்து கருவிக்குள் புகுந்துவிடும் அபாயமும் உண்டு.

முக்காலியையும் மறுநாள் எடுத்துக்கொண்டோம். முதல் முக்கியச் செய்தி, கேமராவை முக்காலியில் பொருத்தக் கூடாது. லென்ஸின் பாதத்தைத்தான் பொருத்த வேண்டும். எடை முழுவதும் லென்ஸில் இருக்கும்போது கேமராவைத் திருகி நிறுத்தினால் முன்பாரம் இழுக்கும். இரண்டும் இணையும் உலோக வளையம் வருந்தும். தூக்கும்போதும் அப்படியே, கேமராவைப் பிடித்துத் தூக்காமல் லென்ஸைப் பிடித்துத் தூக்க வேண்டும். நடுத்தண்டை உயர்த்தாமல், கால்களில் பருத்த கணுக்களை முதலில் நீட்டி, மணலில் நன்றாக அழுத்தி ஊன்ற வேண்டும். கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட வேண்டும். கடற்காற்றில் அது கொடிபோல் அடித்து லென்ஸை ஆட்டும். இடக்கையை லென்ஸின் மேற்புறத்தில், பாதத்துக்கு நேர் மேலாகப் படிய வைத்து, முகத்தைக் கேமராவில் மெல்ல அழுத்திக்கொண்டால் எஞ்சிய அதிர்வும் உடலுக்குள் அடங்கிவிடும். தொட்டால் ஆடும் என்று கையை எடுத்துவிடுவது புதியவர்கள் செய்யும் பிழை.

உருண்டைத் தலை முக்காலிகளில் கனத்த லென்ஸைப் பொருத்திவிட்டுப் பிடியைத் தளர்த்தினால் அது குப்புற விழுந்து விரலை நசுக்கும். சில வேளை முக்காலியையே சாய்த்துவிடும். ஊஞ்சல்போல் லென்ஸைத் தொங்கவிடும் ஜிம்பல் தலை இதற்கென்றே அமைந்தது. சமநிலை பார்த்துப் பொருத்திவிட்டால் ஒரு விரலால் திருப்பலாம். விட்ட இடத்தில் நிற்கும். இலட்சங்களைக் கொட்டி லென்ஸ் வாங்குவோர் இதற்குச் சில ஆயிரங்கள் செலவிடத் தயங்குவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். நடமாட்டம் மிகுந்த இடங்களுக்கு ஒற்றைக்கால் தாங்கி நன்று. தண்டைச் சற்று முன்னே ஊன்றி, இரு கால்களையும் அகற்றி நின்றால், மனிதனே முக்காலியின் இரு கால்களாகிவிடுகிறான். அதிர்வுத் தடுப்பு உள்ள லென்ஸ்களை உறுதியான முக்காலியில் வைக்கும்போது, பழைய வடிவங்களில் அவ்வசதியை நிறுத்திவிடுவது வழக்கம். இல்லாத அதிர்வைத் தேடி அதுவே பிம்பத்தை அலைக்கழிப்பதுண்டு.

மறுநாள் விடியலில், கன்வர்ட்டரைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டு, வரப்பின்மேல் அரிசிப் பையை வைத்து, அதன் பின்னால் குப்புறப் படுத்துக்கொண்டான் என் மருமகன். உப்புச் சேறு சட்டை முழுவதும் அப்பியது. ஒரு மணி நேரத்தில் அறுபது படங்களுக்கு மேல் எடுக்கவில்லை. அவற்றில் ஒன்றைப் பெரிதாக்கிக் காட்டினான்: நீரில் தலை கவிழ்த்து இரை தேடும் பூநாரை, அதன் வளைந்த அலகின் நுனியில் தொங்கும் நீர்த்துளி. பறவை படத்தில் சிறியதாகத்தான் இருந்தது. ஓரங்களை வெட்டி நீக்கிப் பெரிதாக்கினோம். கன்வர்ட்டரோடு முந்திய நாள் எடுத்த பெரிய பூநாரையையும் இந்தச் சிறிய பூநாரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, எது பறவை, எது பறவையின் நிழல் என்பதை அவனே சொன்னான்.

ஒளி நன்றாக ஏறிய எட்டு மணியளவில், நண்பரொருவரிடமிருந்து நான் இரவல் வாங்கி வந்திருந்த 1.4 மடங்கு கன்வர்ட்டரைக் கொடுத்தேன். எஃப் 5.6 ஆதலால் தானியங்கி ஃபோகஸும் வேலை செய்தது. பையின்மேல் வைத்தபடியே எடுத்த அந்தப் படங்களும் தேறின. டெலிகன்வர்ட்டர் ஏமாற்று வேலை என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. நல்ல ஒளியும், கூர்மையான லென்ஸும், அசையாத தாங்கலும் முன்பே இருந்தால் அது நல்ல வேலைக்காரன். அண்மைப் படத்திலும் ஓர் ஆதாயம் உண்டு. லென்ஸ் எவ்வளவு அருகில் ஃபோகஸ் செய்யுமோ அந்தத் தொலைவு கன்வர்ட்டரால் மாறாது. பிம்பம் மட்டும் பெரிதாகும். தும்பியும் வண்ணத்துப்பூச்சியும் எடுப்பவர்கள் இதனால்தான் அதைப் பையில் வைத்திருக்கிறார்கள். ஒளி மங்கிய வேளையில் மட்டும் அதைக் கழற்றிவிட்டு, பின்னர் படத்தை வெட்டிக்கொள்வதே மேல்.

திரும்பும் வழியில் வண்டியில் அவன் நெடுநேரம் சாளரத்துக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தான். வேதாரண்யத்தில் தேநீர் குடிக்க இறங்கியபோது, "மாமா, அந்த 600 மி.மீ. இப்போது வேண்டாம் என்று வாப்பாவிடம் நானே சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொல்ல வேண்டாம்" என்றான். பிறகு சற்றுத் தயங்கி, "ஜிம்பல் தலை மட்டும் என்ன விலை இருக்கும்?" என்று கேட்டான். அதை நான் வாங்கித் தருவதாகச் சொன்னேன்.

என் மைத்துனரின் கடை இப்போது நடந்துகொண்டிருக்கிறது. கல்லாவுக்குப் பின்னால் அந்தப் பூநாரைப் படம் சட்டமிட்டு மாட்டப்பட்டிருக்கிறது. வருகிறவர்களிடமெல்லாம் எடுத்தவன் யார் என்று அவர் சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. மருமகன் தேவைப்படும்போது லென்ஸை வாடகைக்கு எடுத்துக்கொள்கிறான். தங்கைதான் சென்ற வாரம் தொலைபேசியில் குறைப்பட்டுக்கொண்டாள்: "நானா, அந்தப் பையைப் பிரித்து அரிசியை உலையில் போடலாம் என்று பார்த்தால், உங்கள் மருமகன் கையைத் தட்டிவிடுகிறான். மூன்று கிலோ பொன்னி அரிசி. உங்கள் பேச்சைக் கேட்டு ரேஷன் அரிசியையாவது போட்டிருக்கக் கூடாதா நான்?"